விசிறி மெதுவான நாள்

இன்று காலை நாமக்கல் பேருந்து நிலையத்துக்கு வெளியே கோழிக்குஞ்சு ஏற்றிய வேன் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஈரமும் இறகும் கலந்த அந்த வெதுவெதுப்பான வாசனையில் உன் நினைவு வந்துவிட்டது. நீ இந்த உலகை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. எழுதத் தோன்றியது இன்றுதான்.

எழுபதுகளின் கடைசி. ஒன்றாகப் படித்த நாம் இருவரும் அம்மாபேட்டையில், ஒரு தறிக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறையில், கன்ட்ரோல் பெட்டிகள் செய்துகொண்டிருந்தோம். நாமக்கல் பக்கம் குஞ்சு பொரிப்பகம் வைத்திருந்த ஓர் அம்மா, அடைகாக்கும் இயந்திரத்தின் சூட்டை ஒரே நிலையில் வைக்க ஒரு பெட்டி கேட்டார். நீ ஒன்று செய்தாய், நான் ஒன்று செய்தேன். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: சூட்டை அளந்து, குறைந்தால் ஏற்றுவது, கூடினால் இறக்குவது. என்னுடையது சிறு மாற்றத்துக்கும் உடனே பாயும். சோதனை நாளில் வெப்பமானியின் முள் அசையவே இல்லை. உன்னுடையது நிதானம், முள் அரை டிகிரி இப்படியும் அப்படியும் போய் வந்தது.

"இதே இருக்கட்டுங்க. முள்ளு ஆணி அடிச்சாப்பல நிக்குது" என்று அந்த அம்மா என் பெட்டியைக் காட்டினார்.

வெளியே வந்ததும் நீ கேட்டாய்: "இன்னைக்குக் கரண்டு நல்லா இருக்குது, முட்டை புதுசு. ரெண்டும் மாறுனா உன்ற பொட்டி என்னப்பா பண்ணும்?"

"உனக்குப் பொறாமை" என்றேன். பேருந்தில் நீ வேறு இருக்கையில் உட்கார்ந்து வந்தாய்.

சித்திரையில் மின்னழுத்தம் தாழ்ந்தது. முட்டைக்குள் குஞ்சு வளர்ந்து, முட்டைகளே சூடு விடும், அடைவைத்த பதினெட்டாம் நாள். உள்ளே காற்றைச் சுற்றிவிடும் விசிறி மெதுவானதால், ஏறிய சூடு அளவுகருவியை வந்து சேரத் தாமதமானது. அதற்குள் என் பெட்டி மேலும் ஏற்றிவிடும். தெரிந்ததும் ஒரேயடியாக இறக்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதானது. ஆள் வந்து சொல்லி நாம் போய்ச் சேர்ந்தபோது மதியம். நீ பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, ஹீட்டரைக் கையாலேயே போட்டும் அணைத்தும் குஞ்சு வரும்வரை அங்கேயே இருந்தாய். பாதி முட்டைகள்தான் பொரித்தன.

"ஏனுங்க, இந்தப் பொட்டிய ஆருங்க செஞ்சது?" என்று நம் இருவரையும் பார்த்து அந்த அம்மா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நாங்க செஞ்சதுங்க."

அடுத்த பெட்டியைச் சேர்ந்தே செய்தோம். மின்னழுத்தம் மிகக் குறைவு, விசிறி மிக மெதுவாகச் சுற்றுகிறது, கதவு திறந்திருக்கிறது, முட்டை முற்றியது. இவை எல்லாம் ஒரே சமயத்தில் வந்தாலும் சூடு கைமீறக் கூடாது. நல்ல நாளில் முள் கொஞ்சம் ஆடினால் ஆடட்டும் என்றாய். அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டார். அது பல கோடைகள் ஓடியது.

எண்பதுகளில் ஒரு கல்லூரி நூலகத்து ஆய்விதழில் இதற்கு ஒரு பெயர் இருப்பதைப் பார்த்தேன்: ரோபஸ்ட் கன்ட்ரோல். இயந்திரம் ஒரு வரம்புக்குள் எப்படி மாறினாலும் நிலைதவறாமல் காப்பது. அதிலிருந்த கணிதம் நமக்கு எட்டவில்லை. "நாம பயந்து பயந்து செஞ்சத இவங்க கணக்குப் போட்டுச் செய்யறாங்க" என்று சிரித்தாய்.

பொறாமை என்று சொன்னதற்கு நான் வருத்தம் தெரிவிக்கவே இல்லை. நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போதும் ஒரு பெட்டியை அனுப்பும் முன் எதெது மாறக்கூடும் என்று எழுதிப் பார்க்கிறேன். எவ்வளவு எழுதினாலும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும் என்றே தோன்றுகிறது. அந்தச் சந்தேகம் உன்னிடமிருந்து எனக்கு வந்தது. அதைப் போக்கிக்கொள்ள நான் முயன்றதில்லை.