துடைப்பம் படாத மிஷின்

ஐப்பசி 15, வியாழன்

மழை. துணி எதுவும் காயவில்லை. காலில் மறுபடியும் இரும்பு ஏறியது. கடைசல் மிஷின் இருக்கும் பின்கட்டிலிருந்து அடுப்படி வரைக்கும் இரும்புச் சுருள். இவருக்குப் பகலில் மில் வேலை, சாயங்காலம் வீட்டில் மிஷினை மிதித்து கிணற்றுக் கப்பிக்கு அச்சு கடைகிறார். சீவச் சீவச் சுருள் குவிகிறது. துடைப்பத்தால் தள்ளினால் ஒரு நிமிஷ வேலை. தள்ளக் கூடாதாம். இவருடைய அண்ணன், என் மூத்தார், போட்ட சட்டம்.

"சரஸ்வதி பூசைக்குப் பொட்டு வெச்ச சாமான்டா அது. தொடப்பம் பட்டா லச்சுமி வூட்ட வுட்டுப் பூடுவா. கையால வழி."

இவரும் கையால்தான் வழிக்கிறார். ஒவ்வொரு சுருளும் சவரக்கத்தி. சட்டம் போட்டவர் கை வெற்றிலை மடிப்பதோடு சரி.

ஐப். 16, வெள்ளி

வாங்க: புளி, திரி, ஊசி.

மூத்தார் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து மிஷினை மேலிருந்து கீழ்வரை பெருக்கித் தள்ளினேன். அப்பாடா என்றிருந்தது. பாதியில் வந்து நிற்கிறார். குடையை மறந்தாராம்.

"ஏம்மா, உனுக்கு அறிவு கீதா? வெள்ளிக்கெழமையும் அதுவுமா!"

ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை மிஷின் தலையில் கொட்டினார். தீட்டுக் கழிந்ததாம். இவர் மில்லிலிருந்து வருவதற்குள் துரு. தலைக்கு வைத்திருந்த எண்ணெயெல்லாம் அதைத் தேய்க்கவே போயிற்று. அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "உனுக்கு இன்னாத்துக்குடி இந்த வேல?"

யார் கைக்காகச் செய்தேனாம்? கேட்டிருக்க வேண்டும்.

ஐப். 19, திங்கள்

நேற்றுச் சுருள் வழிக்கும்போது இவருக்கு வலது ஆள்காட்டி விரலில் ஆழமாய்க் கிழித்துவிட்டது. மூத்தார் விபூதியை அப்பினார். இன்று விரல் கத்தரிப் பிஞ்சு மாதிரி வீங்கி, கறுப்பு. மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போடுவது இவர் வேலை. அந்த விரல் போனால் வேலையும் போச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"அண்ணன் வாணாங்கறாரு."

அண்ணன் மூச்சு விடச் சொன்னால்தான் விடுவார் போல.

ஐப். 21, புதன்

காய்ச்சல், நெருப்பாய். கையே வீங்கிவிட்டது. பயம். மூத்தார் முன்னால் போய் நின்றேன். இந்த வீட்டுக்கு வந்த நாளாய்ச் செய்யாத காரியம்.

"மாமா, அனுப்புறீங்களா இல்லியா? இல்லன்னா தெருவுல நின்னு கத்துவேன்."

என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியிடம், "இன்னாடா, உம் பொண்டாட்டிக்கு வாய் நீளுது!"

நீளட்டும். நானே மாட்டுவண்டி பிடித்து, இவரை ஏற்றி, ரயிலடி போய், புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. மூத்தார் வாசல் வரைகூட வரவில்லை.

ஐப். 22, வியாழன்

விரலை எடுத்துவிட்டார்கள். கை தப்பியதாம். முந்தியே வந்திருந்தால் விரலும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.

விபூதி அப்பிய பாவி. நாசமாய்ப் போக.

மில்லுக்கு யார் மூலம் சொல்லியனுப்புவது?

ஐப். 26, திங்கள்

நல்ல வெயில். அரிசி ஊறப்போட்டேன். மில்லில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மூத்தார் புதுச்சேரி போய் ஒரு பிரஷ் வாங்கி வந்தார். மரப்பிடி, குதிரை மயிர். சாமி படத்தருகே வைத்து, குங்குமம் இட்டு, சூடம் காட்டி, மிஷின் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

"இது தொடப்பம் இல்லடா, பிரசு. இதால தள்ளுனா தோசம் இல்ல."

இவர் இடது கையால் எடுத்துத் தள்ளிப் பார்த்தார். சுருளெல்லாம் ஒரே தள்ளில் கீழே.

என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் பல்.

"பாத்தியாடி? அண்ணன் இன்னா செஞ்சாலும் யோசிச்சுதான் செய்வாரு."