கைப்பிழை என்று நான் சொன்னது

இன்று செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே கால் மணிக்கு மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தியபோது, ஒரு தகர டப்பாவில் பழைய கண்ணாடி மணிகள் கிடைத்தன. ஆட்டு ரத்தம் உறையாமலிருக்க நீங்கள் குடுவையில் இட்டுக் குலுக்கிய மணிகள். ஆய்வகத்துப் பொருள் என் வீட்டுக்கு என்று வந்தது என்பதை நான் குறித்து வைக்கவில்லை. அப்படி விடுவது என் வழக்கமன்று.

தொண்டைப் புண்ணாகத் தொடங்கி, சில குழந்தைகளுக்கு மூட்டுகளை வீங்கவைத்து, இதயத்தில் போய் அமரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஆராய்ந்தே நான் பெயர் பெற்றேன். அந்த ஆராய்ச்சி உங்கள் திங்கட்கிழமைகளால் நடந்தது. கிருமியை வளர்க்கும் தட்டில் செம்மறி ரத்தம் கலந்தால்தான், அதைச் சுற்றித் தெளிந்த வளையம் துலங்கும். திருவனந்தபுரத்தில் செம்மறிக்கு எங்கே போவது? நாஞ்சில் நாட்டில் உங்கள் அண்ணன் வளர்த்த ஆடுகளிடம் ரத்தம் எடுத்து, குடுவையை ஈரத்துண்டில் சுற்றி, முதல் பஸ்ஸில் வருவீர்கள்.

"பஸ்ஸே நல்லா குலுக்கித் தந்திருது சார். கண்டக்டர்தான் ஆட்டுக்கும் டிக்கெட் எடுக்கணும்னு நிக்கான்" என்பீர்கள். ஆய்வகம் முழுவதும் சிரிக்கும். பதிவேட்டில் நீங்கள் ஆய்வக உதவியாளர்; எங்கள் எல்லோருக்கும் அக்கா, சேச்சி.

அந்த ஜூன் மாதத்தை எழுதவே இந்த மடல். உங்கள் அண்ணனின் ஆடுகளுக்குக் கோமாரி கண்டிருந்தது. போனக்காடு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் தொண்டையிலிருந்து மாதிரி எடுக்க, மூன்றாம் திங்கட்கிழமையை நான் முன்பே குறித்திருந்தேன். ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தத்தை வாங்கி, உங்களைத் தட்டு ஊற்றச் சொன்னேன்.

"ஒரு வாரம் தள்ளிப் போடுங்க சார். மனுஷ ரத்தத்துல அதுக்கு எதிர்ப்புச் சக்தி கெடக்கும்லா. கிருமி இருந்தாலும் முகத்தக் காட்டாது."

"தேதி குறிச்சாச்சு. தோட்டத்துக்குக் கடிதமும் போயாச்சு."

"அப்ப கிருமிக்கும் ஒரு கடிதம் போட்டிருங்க சார். அன்னைக்குக் கட்டாயம் ஆஜராகணும்னு."

நான் சிரிக்கவில்லை. நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாததுமில்லை. மறுவாரம் ஒரு கருத்தரங்கில் முடிவுகளை வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தேன்; அதுதான் காரணம். தட்டுகளில் வளையம் எதுவும் தெரியவில்லை. எந்தப் பிள்ளைக்கும் பென்சிலின் தேவையில்லை என்று கையெழுத்திட்டு அனுப்பினேன்.

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை, மலையாளியான தோட்டத்து மருத்துவர் நேரில் வந்தார். செல்வி என்ற ஏழு வயதுப் பெண்ணுக்கு முழங்கால்கள் வீங்கி, இதய வால்வும் பழுதாகியிருந்தது.

"சாரே, இது எங்ஙனெ சம்பவிச்சு? தொண்டையில ஒண்ணுமில்லன்னு நிங்ஙள் அல்லே எழுதித் தந்தது?"

நான்கு அடி தள்ளி நீங்கள் குடுவை கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

"தட்டு ஊத்தினதுல கைப்பிழை" என்றேன்.

குழாயை மூடினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு மறுபடியும் திறந்துவிட்டீர்கள். அவர் போனபின் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு ஒண்ணும் கொறஞ்சிராது சார். அந்தப் பிள்ளைக்கு ஊசி முடங்காம பாத்துக்கிடுங்க."

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில் போட வேண்டிய பென்சிலின் ஊசி. தேதிகளை ஒன்றுவிடாமல் அட்டவணையிட்டு உங்களிடம் கொடுத்தேன். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது நீங்கள். நான் ஒருநாளும் வரவில்லை. மலையிறங்கும் பஸ் அன்று வந்ததா, அவள் அழுதாளா என்று கேட்டதுமில்லை.

பின்னாளில் மேடைகளில் மாணவர்களை எச்சரித்திருக்கிறேன்: மனித ரத்தத்தை நம்பாதீர்கள், ஓர் ஆய்வகத்தில் ஒரு குழந்தையின் இதயமே பழுதாயிற்று என்று. எந்த ஆய்வகம் என்று சொன்னதில்லை. கைதட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் இறந்த பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு, சென்ற மாதம் கடைசி ஞாயிறன்று வந்திருந்தேன். இலை போடும் இடத்தில் மெலிந்த ஒரு பெண் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். இரண்டு அடி நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆய்வகத்திலிருந்து வருகிறேன் என்றதும் அருகில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் போனக்காட்டுச் செல்வி சார். சேச்சி எங்கிட்ட ஒண்ணையும் மறைக்கல. தட்டு ஊத்துனதுல அவங்க கை தப்பிப் போச்சுன்னு அவங்களே சொன்னாங்க. பாவம், அதுக்காக என்கூட எத்தனை வருஷம் ஊசிக்கு அலைஞ்சாங்க. அவங்க கை தப்புனது உங்களுக்கும் தெரியும்தானே சார்?"

ஊசிக்குப் போன வழியில் எங்கோ, அவள் கேட்ட ஒரு கேள்விக்கு என் பொய்யை நீங்கள் உங்கள் வாயால் சொல்லியிருக்கிறீர்கள். எனக்காகவா, ஆய்வகத்துக்காகவா என்று இனி உங்களிடம் கேட்க முடியாது. செல்வி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திராது.

"ஆமாம்" என்றேன்.

அந்தச் சொல்லோடுதான் அன்று வீடு திரும்பினேன். இன்னும் அதோடுதான் இருக்கிறேன். மறுநாளே அவளுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். "சேச்சியின் கை தவறவில்லை" என்ற முதல் வரி உடனே வந்துவிட்டது. அடுத்த வரி "நான்" என்று தொடங்க வேண்டும். இருபத்துமூன்று நாட்களாகத் தாள் அப்படியே இருக்கிறது.