நீட்டாத கை

14 ஜூன் 1980, சனிக்கிழமை

சுங்கைப் பட்டாணியில் ஊர்ப் பையன்களே நடத்திய ஜோடி மல்யுத்தப் போட்டிக்குப் போயிருந்தேன். என் மகள் மேரியைக் கட்டப்போகும் செல்வராஜும் அவன் நண்பன் ஜோசப்பும் ஒரு ஜோடி. ஒருவன் சண்டையிடும்போது மற்றவன் கயிற்றுக்கு வெளியே கை நீட்டி நிற்க வேண்டும். அந்தக் கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம்.

ஜோசப் அடிபட்டுத் தவழ்ந்து வந்தான். செல்வராஜ் கையை இழுத்துக்கொண்டான்.

"எல்லாம் நாடகம் லா, வாத்தியாரே. நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே மேசையில ரொட்டி சானாய் சாப்பிடுவானுங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பள்ளியில் நானும் நாடகம் போட்டவன். விழ வேண்டிய பையன் விழும் இடத்தை முதலில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வான். ஜோசப் தரையைப் பார்க்கவே இல்லை. செல்வராஜையே பார்த்தான்.

முடிந்ததும், ஏன் கையை இழுத்துக்கொண்டாய் என்று செல்வராஜிடம் கேட்டேன்.

"முன்னாடியே பேசி வச்சதுதான், மாமா."

உதட்டில் துணியை அழுத்தியபடி நின்ற ஜோசப் நிமிர்ந்தான். "எப்போடா பேசினோம்?"

"தலையில அடி, மறந்துட்டான்," என்று செல்வராஜ் சிரித்தான். ஜோசப் சிரிக்கவில்லை.

வீட்டில் மேரி கேட்டாள்: "அடி ஏதும் படலியேப்பா?"

"செல்வராஜுக்கு இல்லம்மா."

நாளை கோயிலில் மூன்றாவது ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கடைசி முறையாக வாசிப்பார். ஒருவன் கை நீட்டவில்லை என்பதைத் தடை என்று எழுந்து சொல்ல முடியுமா? பூசைக்கு முன், ஜோசப் குடியிருக்கும் பாக்கார் ஆராங் வரை போய் அவனைத் தனியாகப் பார்க்க வேண்டும். மேரியிடம் மீன் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம்.