அக்கா சொல்லி முடிக்கும் வரை

ஏப்ரல் 21, திங்கள்

இன்று சொல்லாமல் விட்டது: "ஆமாம் அக்கா, நான் உங்க பக்கம்தான்."

ஈஸ்வரி (இங்கேயும் நிஜப் பெயரை எழுத மாட்டேன்) என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீ ஆரம்பாக்கத்துப் பொண்ணாமே. நம்ம பக்கம்தானேம்மா பேசுவ?"

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவர். மேற்பார்வையாளர் மேல் கொதிக்கிற சாம்பாரை ஊற்றியதாக வழக்கு, ஜாமீனில் இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் மனநிலை என்ன என்று நீதிமன்றம் கேட்டிருக்கிறது. அறிக்கை எழுதுகிறவர் உளவியலாளர் ஹம்ஸா மேடம். திருவள்ளூரில் அவரிடம் நான் ஒரு மாதப் பயிற்சியில்.

தடயவியல் உளவியல் படிக்க இடம் கிடைத்துவிட்டது. சேருகிறேனா இல்லையா என்று மே 5க்குள் சொல்லியாக வேண்டும். யார் பக்கமும் நிற்காத வேலை. என்னால் ஆகுமா?

ஏப்ரல் 22

தப்பு செய்துவிட்டேன்.

"அவன் கிச்சன் கதவைச் சாத்திக்கினான். அப்ப எனக்கு…" என்று அக்கா திணறினார். பார்க்கப் பொறுக்காமல், "கோவம் வந்துச்சா அக்கா?" என்றேன். "ஆமாம்மா" என்றார். எழுதிக்கொண்டேன்.

மேடம் படித்துவிட்டு, "ஏன்டிம்மா, கோபம்ங்கறது அவ சொன்னதா, நீ எடுத்துக் குடுத்ததா?" என்றார்.

"நான்தான் மேடம்."

"கோபம்னா வேணும்னே செஞ்சதா ஆயிடும். அந்த ஒரு வார்த்தை போறும், அவளை உள்ள தள்ள."

எங்கள் வீட்டில் யாரும் தனியாக ஒரு வாக்கியத்தை முடித்ததில்லை. அப்பா "அந்த…" என்று இழுத்தால் அம்மா டார்ச்சை நீட்டுவாள். கேட்கிறவர் மனம் நோகாமல் "ஆமா" போடுவதும் எங்கள் பக்கத்து மரியாதை. அதைக் கொண்டுபோய் — ச்சே. வேணாம். இந்தப் படிப்பே வேணாம்.

ஏப்ரல் 23

பஸ்ஸில் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 28

மேடம் அந்தப் பதிலை அடிக்கவில்லை. 'கேட்டவர் எடுத்துக்கொடுத்த சொல்' என்று ஓரத்தில் குறித்து, என்னைக் கையெழுத்துப் போட வைத்தார். பிறகு அக்காவை மறுபடி அழைத்தார்.

அதே இடத்தில் பேச்சு நின்றது. அக்கா என்னைப் பார்த்தார். "நீயே சொல்லேம்மா."

"நீங்களே சொல்லுங்க அக்கா."

டீயில் ஆடை கட்டிவிட்டது.

"ஒடம்பே மரத்துப்போச்சு. கதவு தொறந்தா போதும்னு இருந்துச்சு. கைல கரண்டிதான் இருந்துச்சு."

நூறு வருடம் யோசித்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது.

கிளம்பும்போது திரும்பவும், "பேசுவதானே?" என்றார்.

"நீங்க சொன்னத அப்படியே எழுதுவோம் அக்கா. கூட்டவும் மாட்டோம், கொறைக்கவும் மாட்டோம்."

சிரித்துவிட்டார். "எங்க ஊட்டுக்காரு அதுகூட செய்யல."

மே 4

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "கொலகாரங்கூட ஒக்காந்துக்கினு பேசுற வேலையாமே? இன்னா முடிவு பண்ண?"

"அவளுக்கு இஷ்டமில்ல. மூஞ்சியப் பாத்தா தெரியல?" என்றாள் அம்மா.

"இரும்மா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பாவம். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பயமா இருக்குப்பா. ஆனா போறேன்."

"அத சொல்றதுக்கா இவ்ளோ நேரம்? ரசத்த ஊத்து."

ஜூலை 14

இன்று வகுப்பு தொடங்கியது. மேடம் போன் செய்தார். அறிக்கை தாக்கலாகிவிட்டது, என் கையெழுத்துள்ள பக்கமும் அதோடு போயிருக்கிறது. ஈஸ்வரி அக்காவின் வழக்கு செப்டம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.