நெளிந்த தட்டு

சைகோன் துறைமுகம்
14 ஆகஸ்ட் 2003

என் கோபக்காரிக்கு,

கப்பலில் சரக்கு இறக்க நாலு நாளாகும் என்றார்கள். காசிமேட்டுப் பிராங்கிளினும் நானும் ஒரு வீட்டில் சமையல் கற்றுக்கொள்ளப் போனோம். சிரிக்காதே. வெந்நீர்கூட வைக்கத் தெரியாத நானேதான்.

சொல்லிக்கொடுத்த அம்மாள் வெள்ளையாக, வட்டமாக, காய்ந்த அரிசித் தாள்களை எடுத்து வைத்தாள். "இன்னா மாமு, நம்ம அப்பளம் மாரி கீது" என்றான் பிராங்கிளின். அவள் திரும்புவதற்குள் ஒன்றை எண்ணெயில் போட்டுவிட்டேன். அதைத் தண்ணீரில் நனைத்து, இறாலும் கீரையும் வைத்துச் சுருட்ட வேண்டுமாம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பொரித்ததையும் பிராங்கிளின் விடாமல் தின்றுவிட்டான்.

சமைத்து முடித்ததும் வழக்கம்போல நான் முதலில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் பரிமாறவில்லை. அந்த வீட்டில் சமைத்தவள் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்களாம். நான் சுருட்டியதை அவள்தான் முதலில் எடுத்தாள். அதில் உப்பே இல்லை. அப்படியும் முழுசாகச் சாப்பிட்டாள்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நீ சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

கிளம்பிய அன்று நடந்த மீன்குழம்பு விவகாரத்தைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

அரிசித் தாள் இரண்டு கட்டு வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் ராயபுரம் வந்ததும் நான் சுருட்டுகிறேன், நீ உட்கார். இரண்டு தட்டு எடுத்து வை. அன்று நான் வீசியதில் நெளிந்துபோனதே, அந்தத் தட்டு எனக்கு.

இப்படிக்கு,
அப்பளம் பொரித்தவன்