சனி மூலையில் வைத்த நாற்று

திருத்தணி,
மார்ச் 14

அன்பு மகள் அனுராதாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே எல்லாரும் நலமா என்று வழக்கம்போல் எழுத வந்தேன், பேனா நகரவில்லை. எட்டு வயதுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளிடம் என்ன நலம் கேட்பது. நேற்றிலிருந்து பேரன் தணிகைக்குக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருக்கிறது என்று மாப்பிள்ளை உன் அம்மாவிடம் சொன்னாராம், அதைக் கேட்ட பிறகுதான் எழுதத் தைரியம் வந்தது. எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு சுசித்ரா இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பித் தருகிறேன் என்றிருக்கிறாள். நீ என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. நான் எடுத்தால் அம்மாகிட்ட கொடுங்க என்கிறாய். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன், உன் குரல் கொஞ்சம் வெளியே கேட்டால் போதும் என்று.

செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, காளைக் கன்று. தணிகை பிழைத்து எழுந்தால் மலைக்கு முன்னூற்று அறுபத்தைந்து படியும் நடந்தே ஏறுவதாக உன் அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள். மொட்டை மாடிக்கு வடகம் காயவைக்கப் போகவே முட்டியைப் பிடித்துக்கொள்கிறவள். வேண்டாம் என்றதற்கு, நீ கம்முனு இரு, நீ செஞ்சதுக்குத்தான் நான் ஏறப் போறேன் என்றாள். டிசம்பரில் நீங்கள் வந்திருந்த மூன்று வாரமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவனைக் குப்புறப் படுக்கவைத்து, கையைக் கிண்ணம்போல் குவித்து முதுகில் தட்டுவது என் வேலையாக இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்குச் சளி தானாக வெளியே வந்துவிடும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருக்கிற பிள்ளைக்கு நுரையீரலில் கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும், தட்டித்தான் கிளப்பணும் நைனா என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். இப்போதும் ஆறு மணியானால் என் கை தானாகக் குவிகிறது. போன வாரம் கன்றுக்குட்டியின் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், உன் அம்மா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிக்கும். முதலில் சொன்னது நான்தான், நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள், அது இந்த நோயின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு அந்த உப்புக் கன்னம் வேண்டும்போல் இருக்கிறது அனு, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையிடம் நான் போனில் சொன்னது ஒரே வரி, பிள்ளை வயல் சேற்றில் இறங்கினான் என்று. மீதியும் உனக்குத் தெரியவேண்டும். நீ வந்த அன்றே வயல், குட்டை, தேங்கின தண்ணீர் எதன் பக்கமும் அவனை விடாதீர்கள், நமக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட அவன் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் எழுப்ப முடியாது என்று படித்துப் படித்துச் சொன்னாய். நானும் ஆங், சரி சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள் வெளிநாட்டுக்குப் போனால் பெண்களுக்குப் பயம் கூடிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன், அதுதான் உண்மை. நீ உன்னோடு படித்த கவிதாவைப் பார்க்க அரக்கோணம் போன அன்றைக்கு நம் ஆர்.கே.பேட்டை ரோட்டு நிலத்தில் நடவு. நம் வீட்டில் நடவு என்றால் சனி மூலையில், அந்த வடகிழக்கு மூலையில், வீட்டுப் பிள்ளை கையால் முதல் நாற்று வைத்த பிறகுதான் ஆட்கள் இறங்குவார்கள். நான் வைத்திருக்கிறேன், நீ பச்சைப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வைத்திருக்கிறாய். நீ போன பிறகு பதினோரு வருஷமாக நான் கிழவனே வைத்துக்கொண்டிருந்தேன். டிராக்டர் ஓட்டுகிற தேசப்பன், பேரப்புள்ளய வச்சிகினு நீ இன்னாத்துக்கு எறங்கற, அவன எறக்கி வுடு என்றான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு நோயைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு நிமிஷந்தானே என்று இறக்கிவிட்டேன். நாற்றை ஊன்றிவிட்டுத் திரும்பும்போது வழுக்கிச் சேற்றில் குப்புற விழுந்தான், மூக்கு வாயெல்லாம் சேறு. துப்பிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தான் பார், நடவுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். பம்புசெட்டில் கழுவித் துடைத்து வேறு சட்டை போட்டு, அம்மாகிட்ட சொல்லாத, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன்.

நீங்கள் திரும்பிப் போன பிறகு நீ போன் செய்தபோதெல்லாம் அவன் வாங்கி, தாத்தா, அது வளந்துச்சா என்று மெதுவாகக் கேட்பான். எது என்று சொல்லமாட்டான். நீ பசுவின் வயிற்றைக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டாய். ஒன்பது நாளைக்கு முன்னால் நீ அழுதுகொண்டே சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை, இந்தியாவில் சேற்றிலோ வயல் தண்ணீரிலோ இருந்தானா என்று டாக்டர்கள் கேட்கிறார்கள், நான் இல்லை என்றேன், அவனையும் கேட்டேன், நூற்றுமூன்று டிகிரி காய்ச்சலில் அவனும் இல்லை என்று தலையாட்டினான் என்றாய். நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் போய் நின்றேன். அரை மணி கழித்துத்தான் மாப்பிள்ளைக்குப் பேசினேன். மறுநாளே அது மண்ணில் இருக்கிற கிருமிதான் என்று கண்டுபிடித்து மருந்தை மாற்றினார்கள். சேற்றில் இறக்கியதற்கு நீ என்றைக்காவது என்னை மன்னிக்கலாம், அந்த அரை மணி நேரத்துக்கு நானே என்னை மன்னிக்கமாட்டேன்.

இன்னும் பல நாள் ஊசி மருந்து, பிறகு மாசக் கணக்கில் மாத்திரை என்றார் மாப்பிள்ளை. ஒரு வேளையும் விட்டுவிடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. அவனை இங்கே அழைத்து வா என்று இனி நான் கேட்கமாட்டேன். கேட்கமாட்டேனே தவிர ஆசை இல்லாமல் இல்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் தணிகைமலையான் துணை இருக்கட்டும், பிள்ளை நூறு வயசு இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பயப்படுவான் என்று அவனிடம் சேற்றில் இறங்கினதைப் பற்றி இன்னும் யாரும் பேச்செடுக்கவில்லை என்றார் மாப்பிள்ளை. அப்படியென்றால் அவன் இன்னும் எனக்காக வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறான். தாத்தா சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார், தப்பு தாத்தாவுடையது, அது வளர்ந்து கதிர் முற்றிவிட்டது என்று சொல். அவன் எல்லாவற்றையும் உன்னிடம் சொல்வான். அப்போதுதான் முதல் தடவை கேட்கிறமாதிரி கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் நைனா
ஆதிகேசவன்