உங்கப்பா நம்புகிற கோடு

என் வாயாடி மகளுக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் இருக்கிறோம், உடம்பைக் கேட்டால் நலம் என்றுதான் சொல்ல வேண்டும், மனதைக் கேட்காதே, அது தையல் பிரிந்த சீட் மாதிரி கிடக்கிறது. நீ அங்கே குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், அப்படி இல்லையென்றால் ஒளிக்காமல் சொல்லிவிடு. போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு ஏன் கடிதம் என்று சிரிப்பாய், போனில் பேசினால்தான் உங்கப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீ என்னைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்கிறாரே. அதனால் தைக்கிற அறையில் உட்கார்ந்து அளவு எழுதுகிற தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், எதிரே மருந்துக்கடைக்காரம்மா இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பெரிதாக்கிப் பார், இரண்டு தரம் படி, அவசரம்.

விஷயம் இந்த அறைதான். பல் டாக்டரம்மா அறையை விற்கப் போகிறார் என்று உனக்கு முன்பே சொன்னேன், வாடகைக்கு இருக்கிறவள் என்று முதலில் என்னைத்தான் கேட்டார், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முன்பணம் கொடுத்தால் எனக்கு, இல்லையென்றால் பக்கத்தில் பேட்டரிக் கடைக்காரருக்கு. அந்த மனுஷன் இப்போதே என் சுவரை முழம் போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார், நான் உள்ளே இருக்கும்போதே. எனக்கு என்ன கோபம் தெரியுமா, தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு நான்கு இடம் மாறியாயிற்று, ஒவ்வொரு தரமும் வேன்காரர்களுக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிவதற்குள் பாதிப் பேர் சீட் கவர் தைக்கிற வேலையை வேறு இடத்தில் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது தரம் மெஷினைக் கீழே போட்டார்கள், இன்னும் அது ஒரு பக்கம் நொண்டுகிறது. ஐந்தாவது தரம் தூக்கினால் அதற்கும் முடியாது, எனக்கும் முடியாது. பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. செருப்புக் கம்பெனியில் பதினாறு வருஷம் மேல்தோல் தைத்ததற்கு எனக்கு மூன்று சாமான் கொடுத்தார்கள், ஒரு இடுப்பு வலி, ஒரு சுவர்க் கடிகாரம், கொஞ்சம் ஷேர். கடிகாரம் நின்றுவிட்டது, இடுப்பு வலி நிற்கவில்லை, ஷேர் நீ உன் போன் நம்பரைக் கொடுத்துத் திறந்து வைத்த கணக்கில் கிடக்கிறது. அதை விற்றால் முன்பணம் ஆகும், விற்றால் ஆகும் என்று மூன்று வாரமாகச் சொல்கிறேன், இந்த வீட்டில் யார் காதிலும் விழவில்லை.

விழாது. உங்கப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து ஸ்கூல் வேன் ஓட்டுகிற வேலை இல்லை, கால் நீட்டி உட்கார்ந்த மனுஷன் கையில் நீ விட்டுப் போன டேப் கிடைத்தது, என் அளவு டேப் இல்லை, அந்தப் பலகை மாதிரிப் பெரிய போன். என் ஷேரை விற்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதற்கு முதலில் எந்த இணையத் தளத்தில் பார்ப்பது என்று பார்க்க வேண்டுமாம். விலை ஏறி இறங்குவதைக் கோடாகப் போடுகிற சார்ட்டை இலவசமாகக் காட்டுகிற தளம் மூன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு நோட்டுப் போட்டு மார்க் கொடுக்கிறார். உன் மாமா லிஃப்ட் ரிப்பேர் முடித்து வருகிற வழியில் தினமும் வீட்டில் வந்து இறங்கிவிடுகிறான், ஏறுவதும் இறங்குவதும்தானே அவன் தொழில், ஷேருக்கும் தானே மெக்கானிக் என்று நினைப்பு. நீ திறந்து கொடுத்த கறுப்புத் தளம் பார்க்க அழகு, ஆயிரம் கருவி இருக்கிறது, ஆனால் இலவசத்துக்கு இரண்டைத்தான் சேர்த்து வைக்க விடும், மூன்றாவதைத் தொட்டால் பணம் கட்டு என்று நடுவில் வந்து நிற்கும், உங்கப்பா அதை மூடுகிற பெருக்கல் குறியைத் தேடியே பாதி நாள் போகும். மாமா தூக்கி வைத்துக் கொண்டாடுகிற வெள்ளைத் தளத்தில் விளம்பரம் இல்லை, இருபது வருஷத்துப் பழைய விலை வரைக்கும் காட்டுகிறது, ஆனால் இன்றைய விலை கால் மணி நேரம் கழித்துத்தான் வரும். இது தெரியாமல் ஒருவர் ஏறிவிட்டது என்றும் ஒருவன் இறங்கிவிட்டது என்றும் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கடைசியில் அடியில் பொடி எழுத்தில் பதினைந்து நிமிடம் தாமதம் என்று போட்டிருப்பதைக் கண்டுபிடித்தது யார், உன் அம்மா. ஊசி கோக்கிற கண்ணுக்குப் பொடி எழுத்து ஒரு பொருட்டா.

மூன்றாவது மருந்துக்கடைக்காரம்மா சொன்ன பச்சைத் தளம், பெயர் கேட்காது, ஊர் கேட்காது, ஒரே ஒரு கோடு காட்டும், எனக்கு அதுதான் புரிந்தது. ஆனால் அதிலும் ஒரு வித்தை இருக்கிறது. கறுப்பில் மேடாகத் தெரிகிற அதே ஷேர், அதே ஒரு மாதம், பச்சையில் மலையாக நிற்கிறது. உங்கப்பா மலையைப் பார்த்து ஆஹா என்றார், மாமா மேட்டைப் பார்த்து ப்ச் என்றான். நான் ஓரத்து எண்ணைப் பார்த்தேன், பச்சைக்காரன் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்குகிறான், அவ்வளவுதான். எலாஸ்டிக் துணியை இழுத்துப் பிடித்து அளந்தால் ஒரு அளவு, விட்டு அளந்தால் ஒரு அளவு, துணி என்னவோ ஒன்றுதான். இதைச் சொன்னதற்கு, உனக்கு இதெல்லாம் விளங்காது, போய்த் தையலைப் பார் என்கிறார்கள். மார்க் நோட்டில் கறுப்புக்கு ஏழரை, வெள்ளைக்கு ஏழு, பச்சைக்கு ஆறு. எனக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன், உங்கப்பா யோசிக்கிறார்.

இதோடு நின்றிருந்தால் நான் திட்டிக்கொண்டே தைத்திருப்பேன். இனிமேல் வருவதைக் கவனமாகப் படி, இதில் நீயும் மாட்டியிருக்கிறாய். போன வாரம் மாமா, கறுப்புத் தளத்தில் கோடு போடுவது எப்படி என்று உங்கப்பாவுக்குக் காட்டுகிறேன் என்று பென்சில் படத்தை அமுக்கினான், அதற்குள் எங்கேயோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று போன் வர, போட்டது போட்டபடி ஓடினான். உங்கப்பா குளிக்கப் போனார். டேப் வீட்டில் நான் ராத்திரி கவர் வெட்டுகிற மேசையில், மேலே பூராவும் ஃபோம் தூசி. நான் மேசை துடைக்கிற துணியை எடுத்து இடது கைப்பக்கம் அடியிலிருந்து வலது கைப்பக்கம் உச்சி வரைக்கும் ஒரே இழுப்பாகத் துடைத்தேன். துணியை எடுத்தால் கண்ணாடிக்குள்ளே நீலமாக ஒரு கோடு. மகள் காசு போட்டு வாங்கினதைக் கீறித் தொலைத்தேனே என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் உங்கப்பா அந்தக் கோட்டைப் பார்த்தார், மச்சான் போட்ட கோடு என்று நினைத்தார். மாமா வந்தான், அத்தான் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டாரே என்று பூரித்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு, ஷேர் இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே இன்னும் மூன்று மாதம் ஏறும், இப்போது விற்பது முட்டாள்தனம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கறுப்புத் தளத்தில் அதே கணக்கைத்தானே நீயும் அங்கிருந்து பார்க்கிறாய், நீயும் பார்த்தாய், பார்த்துவிட்டு என்ன எழுதினாய், அப்பா, கோடு அருமையாக இருக்கிறது, பொறுத்திருக்கலாம் என்று. அம்மாடி, அந்த அருமையான கோடு மேசை துடைக்கிற துணி. கணக்கு கணக்கு என்று உன்னைப் படிக்க வைத்தேனே.

நேற்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் உட்கார வைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். நம்பினால்தானே. உங்கப்பா சிரித்தார், மாமா டேப்பை என் மூக்குக்கு நேரே நீட்டி, "வெலையை மூணு எடத்துல தொடுதுக்கா, பாரு, மூணு எடம், துணிக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பென்சில் படத்தை நானே அமுக்கி, அதே துணியால் அவர்கள் கண்ணெதிரே மேலேயிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தேன். இரண்டாவது நீலக் கோடு விழுந்தது. ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தான் உன் மாமா. பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு விதத்துல சரிதான்" என்றான். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சொல். உங்கப்பா மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு உங்கப்பா மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அந்த டேப் இல்லையென்றால் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பார்த்திருக்கிறேன், ஸ்கூல் மணி அடிக்கிற நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு போக இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அதனால் பிடுங்கி வைக்க மனசு வரவில்லை, எல்லாவற்றையும் விற்கவும் போவதில்லை, முன்பணத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, மீதிச் சில்லறை ஷேரை வைத்துக்கொண்டு அவரும் மச்சானும் மூன்று தளத்துக்கும் நூற்றுக்கு நூறு போடட்டும். ஷேர் ஏறாது என்று நான் சொல்லவில்லை, நான் யார் அதைச் சொல்ல, ஏறினாலும் ஏறும். மூன்று தளமும் நேற்று வரைக்கும் நடந்ததைத்தான் காட்டுகிறது, வெள்ளிக்கிழமை என் மெஷின் எங்கே நிற்கும் என்று அதில் எந்தக் கோடும் இல்லை, அதை நீயும் நானும்தான் பார்க்க வேண்டும். பணம் பாங்குக்கு வர ஒரு நாள் ஆகுமாம், அதனால் புதன்கிழமை விற்க வேண்டும். விற்கிற பட்டனை மருந்துக்கடைக்காரம்மா பக்கத்தில் இருந்து அமுக்கித் தருவாள், ரகசிய எண் உன் போனுக்குத்தான் வரும். அதை எனக்கு வாசித்துச் சொல். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று இழுக்காதே, கோட்டை இன்னொரு தரம் பார்க்கிறேன் என்று சொன்னாயோ, நான் துணியை எடுத்துக்கொண்டு விமானம் ஏறி வந்துவிடுவேன். நீ முடியாது என்றால் அதையும் இன்றைக்கே சொல்லிவிடு, டாக்டரம்மாவைக் காக்க வைக்க மாட்டேன், மெஷினுக்கு இடம் தேடப் போவேன். போகும்போது அழ மாட்டேன், திட்டுவேன்.

மற்றபடி உன் பழைய சைக்கிளை மாமா விற்கட்டுமா என்கிறான், கூடாது என்று சொல்லிவிட்டேன். இருமல் என்றாயே, வெந்நீர் குடி, மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. கூட வேலை பார்க்கிற அந்தப் பெண் சண்டை போட்டால் நீயும் போடு, ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போடு.

இவ்வளவையும் எழுதி மடிக்கப் போகும்போது, யார் வந்து நிற்கிறார்கள் என்கிறாய், உங்கப்பா. கோலை ஊன்றிக்கொண்டு தெருவைத் தாண்டித் தனியாக வந்திருக்கிறார், ஆபரேஷனுக்கு அப்புறம் இந்த அறைக்கு இதுதான் முதல் தரம். ஃபோம் சுருள் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார், சுவரைப் பார்த்தார், பேட்டரிக்காரர் பென்சிலால் போட்டுவிட்டுப் போன அளவுக் குறியைப் பார்த்தார், எச்சில் தொட்டு அதைத் தேய்த்தார். அப்புறம் மெதுவாக, "நெசமாவே நீ தொடச்சதுதானா அது?" என்றார். ஆமாம் என்றேன். "மச்சான்கிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவன் அந்தக் கோட்டை ஆபீஸ்ல நாலு பேருக்கு அனுப்பியிருக்கான், நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, இந்த வாயா என்று நீ ஆச்சரியப்படுவாய். கடிதத்தைக் கேட்டார், கொடுத்தேன், தன்னைப் பற்றி எழுதியதையெல்லாம் உதட்டை அசைத்து முழுக்கப் படித்தார், பேனாவையும் வாங்கிக்கொண்டார். அடியில் எழுதியிருப்பது அவர்தான்.

எங்கே இருந்தாலும் நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, வயிறும் மனமும் நிறைந்து நீ நூறு வருஷம் இருக்க வேண்டும் மகளே. எண்ணை மறந்துவிடாதே.

உன்னைப் பெற்றுத் திட்டி வளர்த்த,
அம்மா

புதன்கிழமை, இங்கே காலை பத்தரை, உனக்கு விடியற்காலை ஐந்து. போனை சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்காதே. அம்மா கேட்டதும் எண்ணைச் சொல்லிவிடு.
அப்பா